கவசத்தைக் கழற்றிய சனிக்கிழமை

"சேட்டா, அடுத்தது நிங்ஙளாணு. ரெடியல்லே?"

மேடைக்குப் பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண் என்னைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டாள். அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, கையில் வாக்கி டாக்கி. நான் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பாலக்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணவரோடு செருப்புக்கடை நடத்துகிற ரஹ்மத். வயது நாற்பத்து நாலு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவள் கண்டது உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளிக் கவசம் பூட்டிய ஒரு வீரனை.

வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் தலைக்கவசம் சுழன்று, கண்ணுக்காக விட்டிருந்த இடுக்கு காதுப் பக்கம் போய்விட்டது. ஒரே இருட்டு. உள்ளே செருப்புப் பசை வாசனை. என் மூச்சே யாரோ பக்கத்தில் நின்று குறட்டை விடுவதுபோலக் கேட்டது.

வெளியே மார்கழிக் காற்று. எங்கள் ஊர்க் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாக அந்த மாதத்தில் அது ஓடியே வரும். கடை வாசலில் தொங்கவிட்ட செருப்பெல்லாம் தானாக நடக்கப் பார்க்கும். அந்தக் காற்றில், கஞ்சிக்கோட்டுப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்தில், திறந்த மேடையில் ஏறப்போகிறேன்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் கடைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் எழுதி வந்தேன். இது கடையை விட்டு நான் வெளியே போன கதை.

வீட்டுக்கு வந்த பெட்டி

ஷார்ஜாவில் இருக்கும் என் கொழுந்தனார் தன் மகனுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். அந்தப் பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. பின்னாலேயே கொரோனாவும் வந்தது. கடை ஷட்டர் இறங்கியது.

என் மகள் ஷிஃபா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வயதில் பெண்பிள்ளைகள் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிடுவார்களே, அந்த வயது. சாப்பிட்டியா என்றால் "ம்." என்ன யோசனை என்றால் "ஒண்ணுமில்ல." அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாக வந்து, "அம்மா, இதுக்கு ரெண்டாவது ஆள் வேணும். இந்த பட்டன மட்டும் அமுக்கிட்டே இருங்க, போதும்" என்றாள்.

அமுக்கினேன். ஒரு வாரம் எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாமல் என் ஆள் சுவரையே முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் பக்கத்தில் ஷிஃபா பேசிக்கொண்டே இருந்தாள். "அம்மா, எடது பக்கம்! குனியுங்க, குனியுங்க!" என்பாள். டீவிக்குள் குனிய வேண்டிய ஆளை விட்டுவிட்டு நான் நாற்காலியில் குனிவேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு தடவை சுவரில் முட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

என் கணவர் காஜா தொழுகை முடித்து வரும்போது ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். "ரெண்டும் கிறுக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போவார். அவருக்கு அதற்கு மேல் அதில் அக்கறை இருந்ததில்லை.

கடை திறந்த பிறகும் எங்கள் விளையாட்டு நிற்கவில்லை. ஷிஃபா பி.காம். சேர்ந்த பிறகும் நிற்கவில்லை.

நாங்கள் இரும்பன் என்று கூப்பிட்டவர்

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "தப்பா உச்சரிக்கிறீங்கம்மா" என்பாள் மகள்.

கதை இதுதான். போரில் தோற்ற ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு காவல்வீரர் தன் ஊருக்குத் திரும்பி நடக்கிறார். பாலைவனம், பனி, இடிந்த கோட்டைகள் என்று நடை நீள்கிறது. உடல் முழுக்க இரும்பு. ஒரு வார்த்தை பேசுவதில்லை. வழியில் சந்திக்கும் எல்லோரும் "அவன்" என்றே சொல்கிறார்கள். நாங்களும் "இரும்பன்" என்று பெயர் வைத்திருந்தோம். எத்தனையோ மாதம் அவரை நடக்கவைத்தோம். சில இடங்களில் செத்துச் செத்துப் பிழைத்தார்.

கடைசியில் ஊர் வருகிறது. ஊர் எல்லையில் ஒரு கிணறு. இரும்பன் மண்டியிட்டு வாளைத் தரையில் ஊன்றுகிறார். இரண்டு கையாலும் தலைக்கவசத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குகிறார்.

உள்ளே ஒரு பெண்.

அதுகூட எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆண் வேடத்தில் ராணி வரும் கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளில் கவசத்தைக் கழற்றியதும் கூந்தல் அருவிபோல விழும், முகம் நிலவுபோல இருக்கும். இவளுக்கு அப்படி இல்லை. என் வயதுதான் இருக்கும். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, அதில் நரை. உதடு வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கருப்பு. அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், விளையாட்டு முடிந்தது.

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன காரணம் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை தூரம் நான் நடத்திக் கூட்டிவந்தது இவளையா என்று இருந்தது.

"என்னம்மா அழுவறீங்களா?" என்றாள் ஷிஃபா.

"இல்ல. பாவம், எத்தன வேர்வ பாரு" என்றேன்.

மல்லிகைத் திரை

முகம் மூடுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் கல்யாணத்தில் முகத்தை மூடிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளைதான். தமிழ் பேசும் முஸ்லிம்களான எங்கள் ஆட்களில் அந்தக் காலத்து வழக்கம் அது. தலைப்பாகையிலிருந்து மல்லிகைச் சரங்கள் இடுப்புவரை தொங்கும். எங்கள் கல்யாணம் நடந்த காலத்தில் அது கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. ஆனால் காஜாவின் பெரியத்தா, அவர் அப்பாவின் அண்ணன், பிடிவாதமாக இருந்தார்.

ஜன்னல் வழியாக நான் பார்த்தபோது ஒரு பூக்கூடை நடந்து வந்தது. உள்ளே யார் இருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. வெளியே யார் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நடுவில் ஒரு தும்மல் வந்தது. பூவெல்லாம் ஆடியது. சரி, உயிருள்ள மனிதர்தான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? கவசம்.

கறுப்பு ஷீட்

அந்தப் பொறியியல் கல்லூரி விழாவில் இப்படி ஒரு போட்டி இருப்பதாக ஷிஃபாதான் கண்டுபிடித்து வந்தாள். விளையாட்டுகளில் வரும் ஆட்களைப்போல உடையும் கவசமும் கையால் செய்து, போட்டுக்கொண்டு மேடையில் ஒரு காட்சி நடிக்க வேண்டும். செய்தவரே போட வேண்டும் என்றில்லை. முதலிடம் பெறுபவருக்கு, சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் இந்த மாதிரிப் பொருட்கள் செய்யும் கொச்சிப் பட்டறை ஒன்றில் பயிற்சி.

"பி.காம். முடிச்சு பேங்க் பரீட்ச எழுதுன்னு அத்தா சொல்றாங்க. நான் எழுதறேன். ஆனா ஒரு தடவ இதப் பண்ணிப் பாக்கணும்மா" என்றாள்.

கவசத்துக்கு இரும்பு வேண்டாம், ஹவாய்ச் செருப்பு வெட்டும் மெத்தென்ற கறுப்பு ரப்பர் ஷீட் போதும் என்று எங்கோ பார்த்திருந்தாள். அது எங்கள் கடை மாடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. எங்கள் கடையில் பழுதும் பார்ப்போம் என்பதால் பசைக்கும் கத்திக்கும் பஞ்சமில்லை. மத்தியானம் கடையில் ஆள் குறையும் நேரத்தில் மாடியில் உட்கார்ந்து வெட்டினோம். சூடு காட்டினால் ஷீட் வளையும். என் தலைமுடி காய வைக்கும் மெஷினே போதுமாக இருந்தது. அளவு பார்க்க என் உடம்பில்தான் வைத்துப் பார்ப்பாள். இருவருக்கும் ஒரே உயரம். அவளே அவளுக்கு முதுகில் பிடித்துப் பார்க்க முடியாதே.

மார்புத் தகடு மூன்று தடவை கோணலாகப் போனது. நான்காவது சரியாக வந்ததும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தோம்; அது என் நெஞ்சில் உட்கார்ந்த அழகை இரண்டு பேரும் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

காஜாவிடம், "காலேஜ் புரோகிராமுக்கு" என்று மட்டும் சொன்னோம். பொய் இல்லை. முழுசும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை

காலையில் காஜா கடைக்குப் போய்விட்டார். முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கவசத் துண்டுகளை வீட்டு மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த ஷிஃபா கடைசிப் படியைக் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடினேன். எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது. அந்தக் கால் எந்தச் செருப்புக்குள்ளும் நுழையாது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கவச பூட்ஸுக்குள் எப்படி நுழையும்?

அவள் அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி, விடுங்கம்மா" என்றாள். சிதறிக் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தாள். அந்த மார்புத் தகட்டைச் சாக்குக்குள் திணித்த விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வெளிய எடு. நான் போட்டுக்கறேன்" என்றேன்.

"நீங்களா?"

"எனக்கு வெச்சுத்தானே அளவு பாத்த? ஆனா ஒண்ணு. தொப்பியக் கழட்ட மாட்டேன். மேடையில போய் நிப்பேன், வாள ஊனுவேன், வந்துருவேன். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"கடைசிக் காட்சின்னு எழுதிக் குடுத்திருக்கேன்மா. கழட்டறதுதானே காட்சியே."

"அப்ப வேண்டாம்."

ஷிஃபா அவசரமாக, "செரி செரி, கழட்ட வேண்டாம்" என்றாள்.

நான் யாருக்குப் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரான புதுநகரத்தில் இருக்கும் காஜாவின் அக்கா, ஐஷாக்கா. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாலக்காடு முழுக்க எங்கள் ஆட்கள் வீடுகளில் அந்தி சாய்வதற்குள் தெரிந்துவிடும். "காஜாவோட பொண்டாட்டி மேடை ஏறிக் கூத்தடிச்சாளாம்." அதைவிடப் பெரிய பயம் காஜாவே. கோபக்காரர் இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று பிடிக்காவிட்டால் பேச்சு குறைந்துவிடும். அந்த மௌனம் எனக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு ஜேம்ஸின் சாமான் ஆட்டோவில் சாக்குகளோடு ஏறினோம். என் போனை ஷிஃபாவின் பையில் போட்டுவிட்டேன்.

இடுக்கு வழியே

தலைக்கவசத்தை நேராகத் திருப்பிக்கொண்டு மேடை ஏறினேன்.

விளையாட்டின் கடைசி இசையைப் போட்டார்கள். கூட்டத்தில் அதை விளையாடியவர்கள் நிறைய இருந்திருக்க வேண்டும். முதலில் ஓ என்று ஒரு கூச்சல், அப்புறம் அப்படியே அடங்கியது. நான் நடந்தேன். நடக்கத் தெரியுமே! எத்தனை மாதம் அவளை நடக்கவைத்திருக்கிறேன். எந்தக் காலைச் சற்று இழுப்பாள், எங்கே நின்று மூச்சு வாங்குவாள் என்று என் உடம்புக்கே தெரிந்திருந்தது.

பாதி தூரத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. இடது தோள் தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. நடுவர்கள் மேசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து அதைப் பிடித்தார். கூட்டம் சிரித்தது. நான் நிற்கவில்லை. போரில் தோற்று வருகிறவளுக்கு ஒரு தோள் போனால் என்ன?

நடுவில் வந்து மண்டியிட்டேன். முழங்கால் தகடு கீச்சென்றது. வாளை ஊன்றினேன். இனி எழுந்து திரும்பிப் போக வேண்டியதுதான். அப்போது இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன்.

முன்வரிசை ஓரத்தில் ஷிஃபா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், சட்டைக் காலர் வேர்வையில் நனைந்து, காஜா நின்றார்.

மகளுக்குக் கால் பிசகியதையும், அவளை ஜேம்ஸின் வண்டியில் கஞ்சிக்கோட்டுக் கல்லூரிக்கு ஏற்றிப் போனதையும் யாரோ கடையில் சொல்லியிருக்கிறார்கள். என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். மேடை இரைச்சலில், பைக்குள் அடித்தது ஷிஃபாவுக்குக் கேட்கவில்லை. ஆள் நெருக்கும் சனிக்கிழமை வியாபாரத்தை விட்டு ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். மகளிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. மேடையை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மறுபடி கூட்டத்தைத் தேடினார். ஷிஃபா மெல்ல விரலை நீட்டி மேடையைக் காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். கண் சுருங்கியது. என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அப்புறம் வாய் லேசாகத் திறந்து அப்படியே நின்றுவிட்டது.

யாருக்குத் தெரியக் கூடாது என்று இருந்தேனோ அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி யாரிடம் மறைக்க? கூட்டமோ ஒரு சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. விளையாட்டில் அவள் இவ்வளவு தூரம் நடந்து வந்ததே அதற்காகத்தானே?

இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

காற்று முகத்தில் அறைந்தது. சுகமாக இருந்தது. கூந்தல் ஒன்றும் விழவில்லை. உள்ளே நான் கட்டியிருந்தது ஊதாப் பூப்போட்ட முக்காடு. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. முகமெல்லாம் வேர்வை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவள் பார்த்த மாதிரியே யாரையும் பார்க்காமல் பார்த்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அதற்குப் பிறகு எழுந்த கைத்தட்டலில் மேடைப் பலகையே அதிர்ந்தது.

படி இறங்கும்போது வாக்கி டாக்கிப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எண்டம்மோ! ஸாரி சேச்சீ!" என்றாள். ஒரு நிமிடத்தில் அண்ணன் அக்காவாகிவிட்டேன்.

வரும் வழியில்

முதல் பரிசு எங்களுக்கு இல்லை. விரிந்து மடங்கும் சிறகு செய்து வந்த திருச்சூர்ப் பையன்களுக்குப் போனது. அது நியாயம்தான், அந்தச் சிறகை நானே வாய் பிளந்து பார்த்தேன். எங்களுக்கு இரண்டாமிடம்.

ஆனால் தோள் தகட்டைப் பிடித்த நடுவர் அம்மாள் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கொச்சிப் பட்டறை அவருடையதுதானாம். உள்பக்கம் சாக்பீஸில் எழுதியிருந்ததைக் காட்டி, "இதென்ன எட்டு?" என்று கேட்டார்.

"எட்டாம் நம்பர் செருப்புக்கு வெட்ட வெச்சிருந்த ஷீட்டுங்க" என்றாள் ஷிஃபா. அம்மாள் சிரித்துவிட்டார். மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தார். காற்றுக்குத் தாங்க எங்கே இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும் என்று காட்டினார். பரிசுக்கான இடம் போய்விட்டது, ஆனால் கோடை விடுமுறையில் பட்டறைக்கு வந்தால் வேலை கற்றுக்கொள்ளலாம், காலைச் சரிபண்ணிக்கொண்டு வா என்றார். ஷிஃபா அப்போதுதான் அழுதாள்.

திரும்பும்போது சாமான் ஆட்டோவின் பின்பக்கம் கவசத்தோடு நாங்கள் மூவரும். காஜா பேசவில்லை. வரிசையாகப் பனைமரங்கள் காற்றில் தலைவிரித்து ஆடின. நான் மடியில் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு அந்த மௌனத்தை எண்ணி உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து மார்புத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது நம்ம கட மாடில கெடந்த பழைய ஷீட்டுதானே?"

"ஆமாங்க."

"எங்கிட்டக் கேட்டிருந்தா புதுச் சுருளே குடுத்திருப்பேனே. பழசு வெயில்ல வெடிச்சுரும்."

ஷிஃபா என் கையைக் கிள்ளினாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கோபமில்லீங்களா?" என்றேன்.

"போன எடுக்கலேன்னு கோபந்தான். புள்ளைக்கு என்னாச்சோன்னு ஓடி வந்தா, நீ கத்தியோட நிக்கற" என்றவருக்கு அதற்கு மேல் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துவிட்டார். முன்னாலிருந்த ஜேம்ஸும் சிரித்ததில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

ஐஷாக்கா இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். யாரோ எடுத்த வீடியோ புதுநகரம் வரை போயிருந்தது. பிஸ்மி சொல்லித்தான் போனை எடுத்தேன்.

"ரஹ்மத்து, அந்தச் சட்டிய மாட்டிட்டு எப்படிப் புள்ள மூச்சு விட்ட?"

"கஷ்டந்தானுங்கக்கா."

"நான் அங்க இருந்திருந்தா ஏறும்போதே கழட்டிருப்பேன். என்னால ஆகாது. முக்காடு நல்லா இருந்துச்சு, எங்க எடுத்த?"

ஊர்ப்பேச்சும் இல்லாமல் இல்லை. பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டில் எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அதே தெருவிலிருந்து இரண்டு பெண்கள், செருப்பு வாங்குகிற சாக்கில் வந்து, கவசத்தைக் காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சோறு தின்று, கடை திறக்க நேரம் இருந்தது. நானும் ஷிஃபாவும் அந்த விளையாட்டை முதலிலிருந்து தொடங்கியிருந்தோம். காஜா வழக்கம்போல வந்து நின்றார். உள்ளே போகவில்லை.

"இதுல எது நீ?" என்றார்.

"அந்தா, இரும்பு போட்டவ."

"மொகத்தக் காட்ட மாட்டாளா?"

"கடைசிலதானுங்க. அதுக்கு ரொம்ப தூரம் நடக்கோணும்."

அவர் நாற்காலி ஒன்றை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப கெளம்பு, போலாம்" என்றார்.